ஆறு நாளைக்கான மனு

தணிகாசலத்துக்கு அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. அதை வாங்கத்தான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றிருந்தான். கையில் மஞ்சள் அட்டை. டோக்கன் எண் நாற்பத்தொன்று.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான். வேலையில் இருப்பவர்களுக்கு நாட்களைக் கம்பெனி கொடுக்கும். படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கும். வீட்டு வேலை பார்க்கிற பெண்களுக்கு நாள் தானாக வந்து வாசலில் நிற்கும். வேண்டாம் என்றாலும் போகாது. வேலை போனவர்கள் மட்டும் வாராவாரம் அரசாங்கத்திடம் மனுப்போட்டு, திங்கள் முதல் சனி வரை ஆறு நாட்களை வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசம்.

மனு தள்ளுபடியானாலும் குடி முழுகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை படுத்தவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்திருப்பான். அவ்வளவுதான்.

ஆறு மாதம் முன்புவரை தணிகாசலத்துக்கும் நாட்களுக்குப் பஞ்சமில்லை. குக்கர் விசில் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம் காது பார்த்தான். செய்து முடித்த விசில்களை ஒவ்வொன்றாக ஆவியில் மாட்டுவார்கள். மூன்று சத்தம் வரும். வலது காதைச் சாய்த்துக் கேட்டு, "சரியா இருக்கு" என்பான். அவன் சொன்னால்தான் அது விசில். சொல்லாவிட்டால் வெறும் இரும்பு. ஆயுத பூஜையன்று மற்றவர்கள் ஸ்பேனருக்கும் லேத்துக்கும் பொட்டு வைக்கும்போது, அவனை ஸ்டூலில் உட்கார வைத்துக் காது மடலில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனி மூடிக்கொண்டது. ஆவி தீர்ந்துவிட்டது என்று முதலாளி கேட்டில் அறிவிப்பு ஒட்டினார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தீர்ந்ததைத் தீரவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஏழாவது ஜன்னலில் ஹெப்சிபா மேடம் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர். மனு சரியாக இருந்தால் அதிலிருந்து ஆறு தாளைக் கிழித்து, பழுப்பு உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார். எத்தனை பேருக்குக் கிழித்தாலும் காலண்டர் மெலிந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது தன் வீட்டுக் காலண்டர் என்பது மாதிரி மனசில்லாமல்தான் கிழிப்பார்.

"இந்த வாரம் வேலை ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"இல்ல மேடம்."

"தூக்கினது, எறக்கினது, சொமந்தது?"

"இல்ல மேடம்."

"யாருக்காச்சும் வழி சொன்னீங்களா?"

தணிகாசலம் யோசித்தான். "ஒருத்தர் கேட்டாரு மேடம். தெரியாதுன்னுட்டேன்."

"தெரிஞ்சே தெரியாதுன்னு சொன்னீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லது. வேலை தேடினீங்களா?"

அவன் அட்டையைத் திருப்பிக் காட்டினான். நான்கு இடங்களில் 'இல்லை' என்று முத்திரை வாங்கியிருந்தான்.

"கஷ்டப்பட்டுத் தேடினீங்களா?"

"இல்ல மேடம். போற போக்குல."

"கஷ்டப்பட்டா அது வேலையாயிடும்" என்றபடி ஹெப்சிபா மேடம் காலண்டர் பக்கம் திரும்பினார். தணிகாசலம் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டான்.

சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். ஆடி மாதம் ஒரு தடவை எதிர்வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கேனை ஒரு கை பிடித்துவிட்டான். ஹெப்சிபா மேடம் கத்தரிக்கோலை எடுத்து, புதன்கிழமைத் தாளை ராகுகாலத்துக்குக் கீழே நேராக வெட்டிவிட்டுக் கொடுத்தார். அந்தப் புதன்கிழமை மதியம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனவன், வியாழக்கிழமை காலையில்தான் அதை வாயில் போட்டான். சோறு ஊசியிருந்தது.

அன்றிலிருந்து ஜாக்கிரதையானான். வீட்டில் மனைவி வேதவல்லி குக்கரை அடுப்பில் ஏற்றியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நிற்பான். விசில் காதில் விழுந்தால் சரியா தவறா என்று மனசு சொல்லிவிடும். சொன்னால் அது வேலை. பருப்பு வெந்ததும் வேதவல்லி வாசலுக்கு வந்து கையைக் காட்டுவாள். அதன் பிறகுதான் திரும்பி வருவான்.

ஹெப்சிபா மேடம் உறையை ஒட்டினார். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

"வர்ற வியாழக்கிழமை ஆயுத பூஜை. நாதமுனி சார் வீட்டுக்கு வருவாரு. களஆய்வு. எதுக்குப் பொட்டு வெச்சிருக்கோ அது கருவி. கருவி வெச்சிருக்கவரு தொழிலாளி. ரூல் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"பூஜை வாரம் இந்தாங்க. அதுக்கடுத்த வாரம் அவரு எழுதறதைப் பொறுத்துத்தான்."

அதற்கடுத்த வாரம்.

வேதவல்லிக்கு நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிள்ளை. அந்த வாரம் செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேறு எந்த வாரத்தை எடுத்துக்கொண்டாலும் தணிகாசலம் வாயைத் திறக்க மாட்டான். தீபாவளியோடு சேர்த்து எடுத்துக்கொண்டாலும் சரி. அந்த ஒரு வாரம் மட்டும் அவனுக்கு வேண்டும்.

நாள் இல்லாமல் போனால் என்னவாகும் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் துரைக்கண்ணு இருந்தார். மூன்று வருஷம் முன்பு இதேபோல் வேலையிழந்து மனுப்போட்டுக்கொண்டிருந்தவர், ஆயுத பூஜைக்குப் பழக்க தோஷத்தில் தன் சைக்கிளுக்குப் பொட்டு வைத்துவிட்டார். அன்று போன திங்கட்கிழமை அவருக்குத் திரும்பி வரவே இல்லை. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு நாள், அத்தனையும் ஞாயிறு. தலையில் ஒரு முடிகூடப் புதிதாக நரைக்கவில்லை. அவர் மகள் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவர் இன்னும் அவளுக்கு ஆனா ஆவன்னாப் பலகை வாங்கி வந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமையே தணிகாசலம் வீட்டைத் துப்புரவாக ஒழித்தான். ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், பழைய பேனா, ஷேவிங் செட், குடை எல்லாம் மூட்டையாகி மைத்துனி வீட்டுக்குப் போயின. ஒழிப்பதும் வேலைதானோ என்று பாதியில் பயம் வந்தது. மீதியை வேதவல்லி கட்டினாள். வியாழக்கிழமை காலையில் காதை இரண்டு முறை கழுவி, தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டான். சந்தனத் துளி தெறித்துக்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது.

வேதவல்லி வயிற்றைத் தாங்கியபடி அடுப்பு, அருவாமனை, மிக்சி, குக்கர், முறம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அவளுக்குப் பயமில்லை. அவளுடைய நாட்களில் கைவைக்க எந்த அலுவலகத்துக்கும் தோன்றியதில்லை.

பொரி, கடலை, சுண்டல் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். கைகூப்பி நின்ற தணிகாசலத்துக்கு அடுத்த வாரத்தின் நினைவு வந்தது. இந்த அட்டைதானே அந்த வாரத்தைக் கொண்டுவர வேண்டும்? சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்தான். கண்ணை மூடி மனமுருகி வேண்டிக்கொண்டான். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிம்மதியாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பதினொரு மணிக்கு நாதமுனி வந்தார். வழுக்கைத் தலை, கால்சட்டைக்கு மேலே தொங்கும் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பை முழுக்கப் பொரி. ஆய்வு செய்த வீட்டில் எல்லாம் ஒரு படி கொடுத்திருந்தார்கள்.

"பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் கைத்தடிக்குப் பொட்டு வெச்சிருக்காரு" என்று உட்கார்ந்தபடியே சொன்னார். "தொழில், நடத்தல்னு எழுதிட்டு வந்தேன். எண்பத்து மூணு வயசு. இனிமே அவருக்கு லீவு கெடையாது."

பிறகு எழுந்து வீட்டைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பரண்மேல் பார்த்தார். தணிகாசலத்தின் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லி, காதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தணிகாசலத்துக்கு உள்ளூரச் சிரிப்புக்கூட வந்தது.

"ஒண்ணுமில்ல" என்று நாதமுனி எழுதிக்கொண்டார். ஒரு கை பொரியை வாயில் போட்டார். "அட்டையக் குடுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வேதவல்லி சாமி படத்தின் முன்னாலிருந்து அட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

நாதமுனி மெல்வதை நிறுத்தினார். அட்டையின் நடுவில் வட்டமாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். இன்னும் ஈரம் காயவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தணிகாசலம் ஆனைகூட இல்லை. காதையே காவல் காத்தவன் கையைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். வேண்டுதலில் கண்ணை மூடியிருந்த நேரத்தில் விரல் தன்பாட்டுக்குச் சந்தனத்தையும் குங்குமத்தையும் தொட்டு வைத்திருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

"இது யார் வெச்சது?"

"நான்தான் சார் வெச்சேன்" என்றாள் வேதவல்லி.

"நீங்க இல்லம்மா. அவரு கையக் காட்டச் சொல்லுங்க."

தணிகாசலம் வலது கையை நீட்டினான். மோதிர விரல் நுனியில் சந்தனம் இருந்தது.

நாதமுனி அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் வருத்தம் போலத்தான் இருந்தது. ஆனால் பேனா நிற்கவில்லை. தொழில்: மனுப்போடுதல். கருவி: மஞ்சள் அட்டை. எழுதி முடித்துவிட்டு, பையை விரித்துப் பிடித்தார். வேதவல்லி ஒரு படி பொரி போட்டாள்.

சனிக்கிழமை ஹெப்சிபா மேடம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குலுக்கினார்.

"வேலை கெடச்சிருக்கு. வாழ்த்துகள்."

வரிசையில் நின்றவர்கள் தணிகாசலத்தைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

"எனக்கு வேலை இல்லீங்க மேடம்."

"மனுப்போடற வேலை. ஆறு மாசமா செஞ்சிட்டு இருக்கீங்க. அட்டைல போட்டிருக்கு. இனிமே நாளைக் கம்பெனிலதான் வாங்கிக்கணும்."

"எந்தக் கம்பெனில?"

"எங்க வேலை செய்றீங்களோ அங்க."

"இங்கதானே மேடம் வந்து மனுப்போடறேன்."

ஹெப்சிபா மேடம் ஒரு பதிவேட்டைத் திறந்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். "இங்க உங்க பேர்ல பதவி எதுவும் இல்லியே."

"அப்ப நான் எங்க போறது?"

"மேல்முறையீடு பண்ணலாம். இந்த நடையில நேராப் போங்க. பதினாறாவது ரூம்."

நடையில் பதினாறு கதவுகள் இருப்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. தணிகாசலம் நடந்தான். ஒன்பது கதவைத் தாண்டிய பிறகு எண்ணிப் பார்த்தான். முன்னால் இன்னும் பதினாறு இருந்தன. வேகமாக நடந்தால் நடை நீண்டது. மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக நீண்டது. எதிரே ஒரு டீக்காரர் கேனோடு வந்தார்.

"பதினாறாவது ரூம் எங்கண்ணே?"

"அங்கருந்துதான் வரேன். கெளம்பும்போது டீ சூடா இருந்துச்சி."

தணிகாசலம் கேனைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. அவனுக்குக் கால் வலித்தது, அழுதுவிடலாம் போலிருந்தது. அழுவது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியாததால் அழவில்லை.

மதியத்துக்கு மேல் பதினாறாவது அறை வந்தது. உள்ளே ஒருவர் மேசைமேல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வேறு எதுவும் இல்லை.

"மேல்முறையீடு புதன்கிழமை மட்டும்தான்" என்றார்.

"எனக்குப் புதன்கிழமை இல்லீங்க. அதைக் கேட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்ப புதன்கிழமை கெடச்சதும் வாங்க."

திரும்பி வரும்போது நடையில் பதினாறு கதவுகள்தான் இருந்தன. ஏழாவது ஜன்னலில் ஹெப்சிபா மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்திருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் உட்கார்ந்தார்.

"மேடம், என் வீட்டுக்காரிக்கு இந்த வாரம் பிரசவம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எல்லாப் பூசாரிக்கும் பொருந்தாது. ஹெப்சிபா மேடம் காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமைத் தாளின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் கிழித்தும்விட்டார். பிறகு மேசையிலிருந்த பசையைத் தடவி, கிழிந்த இடத்தை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் மெதுவாக. "நாளைக்கு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு ஒரு வேலையும் செய்யாம இருந்தீங்கன்னா பழசெல்லாம் ரத்தாயிடும், புதுசா மனு எடுத்துக்குவோம். நாதமுனி சார் வந்து பக்கத்துல இருந்து பாப்பாரு. துரும்பைக்கூட அசைக்கக்கூடாது. ஒருத்தருக்கு ஒரே ஒரு தடவைதான் இந்த வழி. அதுக்கப்புறம் வர்ற வாரத்துலருந்து உங்களுக்கு நாள் உண்டு."

"இந்த வாரம்?"

"இந்த வாரம் போனது போனதுதான்."

வீட்டில் வேதவல்லி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான்.

"செவ்வாயிலருந்து வெள்ளிக்குள்ளன்னு சொன்னாங்க" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை இருப்பீங்கல்ல?"

"இருப்பேன். அது இலவசம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை பெத்துக்கறேன்." நாளைக்கு ஊறப்போட வேண்டிய அரிசியை மறுநாளுக்குத் தள்ளுகிறவள் மாதிரி சொன்னாள்.

"அடக்க முடியுமா வேதா?"

"ஒம்போது வருசமா ஊரு பேசினதெல்லாம் அடக்கிக்கினு இருந்தேன். நாலு நாளு என்னா?"

மறுநாள் ஞாயிறு. துரைக்கண்ணு கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு இதில் அனுபவம் அதிகம்.

"ஒண்ணும் தெரியாது தணிகா. படுத்தா எழுந்திருப்பே, அவ்ளோதான். வீட்ல இருக்கவங்க மூஞ்சிதான் மாறியிருக்கும். இன்னொண்ணு, போர்வைய மடிச்சு வெச்சுட்டுப் படு."

"ஏண்ணே?"

"நீ படுத்த எடம் அப்படியே குழிஞ்சு கெடக்கும். மடிக்காம வுட்டா ஆறு நாளும் அதையே பாத்துக்கினு இருப்பாங்க."

தணிகாசலம் போர்வையை மடித்து வைத்துவிட்டு வெறும் பாயில் படுத்தான். வேதவல்லி அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு கால் உதைத்தது. கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் வேதவல்லி இல்லை. அடுப்பு சில்லிட்டிருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. அவள் பூட்டிக்கொண்டு போனபோது உள்ளே யாரும் இல்லையே, அவளைக் குறை சொல்ல முடியாது. நெம்பினால் தாழ்ப்பாள் பெயர்ந்துவிடும். ஆனால் அன்றைக்கு அவன் துரும்பை அசைக்கக்கூடாது.

ஜன்னலில் நின்று துரைக்கண்ணுவைக் கூப்பிட்டான். அவரும் அப்போதுதான் எழுந்திருந்தார். வேதவல்லி அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன சாவியால் திறந்துவிட்டார்.

"செவ்வாக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போச்சாம்" என்றார். "எங்க வீட்ல சொன்னாங்க."

"பொறந்துடுச்சா?"

"அது தெரியல."

தணிகாசலம் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டான். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு ஓடினான். கைவீசாமல் ஓடுவது எவ்வளவு சிரமம் என்பது ஓடிப் பார்த்தால்தான் தெரியும். மூன்று தெரு தாண்டுவதற்குள் இரண்டு முறை விழப்போனான். பிறந்திருக்குமோ, பிறந்து நான்கு நாள் ஆகியிருக்குமோ என்ற எண்ணம் கூடவே ஓடி வந்தது.

பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் நாதமுனி உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. பையில் அதே பொரி. நமுத்துப்போயிருக்க வேண்டும், சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

"வேதவல்லி வீட்டுக்காரரு யாருப்பா?" என்று கேட்டபடி நர்ஸம்மா வெளியே வந்தார்.

"நான்தாங்க."

நர்ஸம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "புதன்கிழமை மத்தியானத்துலருந்து அடக்கி வெச்சிருக்குய்யா அந்தப் பொண்ணு. நானும் இருவது வருசமா பாக்கறேன், இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. பெரிய டாக்டரு வந்து திட்டிட்டுப் போயிட்டாரு. அரை மணிக்கொருதரம் ஞாயித்துக்கெழமை வந்துடுச்சான்னு கேக்குது."

பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் போய் நின்றான். நாதமுனியும் நோட்டோடு பின்னால் வந்து நின்றார்.

"வேதா."

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"அப்ப சரி" என்றாள் அவள். இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. நான்கு நாளாகப் பிடித்திருந்த பிடியை விட்டிருக்க வேண்டும்.

நர்ஸம்மா ஒரு பிளாஸ்க்கை நீட்டினார். "வெந்நீ புடிச்சிட்டு வாங்க. சீக்கிரம்."

தணிகாசலம் கையை நீட்டப்போனான். நாதமுனி பேனாவின் மூடியைத் திறந்தார். கை பாதியில் நின்றது.

"என்னால முடியாதுங்க."

"என்னாது?"

"முடியாதுங்கம்மா."

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். "பெத்துக்கறவளுக்கு வெந்நீ புடிக்க முடியாதா? நல்லா வெளங்கும் இந்தக் குடும்பம்." அவருடைய மாமியார் எழுந்து, பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போனார். தணிகாசலத்துக்கு அவமானமாக இருந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம். ஆனால் அடுத்த வாரம் வேண்டும். பிறந்த பிள்ளையின் முதல் வாரம் அது. கைகளைப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு நின்றான்.

திரைக்குப் பின்னால் வேதவல்லி ஒரே ஒரு முறை கத்தினாள். அதன் பிறகு நர்ஸம்மாவின் குரல். பாத்திரம் உருளும் ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

குழந்தை வந்துவிட்டது. சத்தம் வரவில்லை.

பட்டென்று ஒரு அடி விழுந்தது. துண்டை மீறி ஒரு சத்தம் கேட்டது. பாதியிலேயே நின்றுபோனது.

"என்னங்க" என்றாள் வேதவல்லி. குரலில் உயிரே இல்லை. "சரியா இருக்கா?"

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் நர்ஸம்மா.

"அவரு கேட்டுச் சொல்லட்டும்."

தணிகாசலம் நாதமுனியைப் பார்த்தான். நோட்டுப் பக்கம் வெறுமையாக இருந்தது. வெறுமையாகவே இருந்தால் நாளை திங்கட்கிழமை வரும். செவ்வாய் வரும். புதன்கிழமைகூட முழுசாக வரும். நாதமுனி அவனைப் பார்க்காமல் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறு என்று சொல்வது போலவும் இருந்தது.

"என்னங்க" என்றாள் வேதவல்லி மறுபடியும்.

தணிகாசலம் தலைத்துண்டை அவிழ்த்தான். ஒரு எட்டு முன்னால் வைத்து, வலது காதைத் திரையின் பக்கம் சாய்த்தான்.

இரண்டாவது சத்தம் வந்தது. ஓரத்தில் லேசான பிசிறு. அது ஈரம், போய்விடும். மூன்றாவது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நேராக ஏறி, உச்சியில் நின்று, பிறகு இறங்கியது. பதினோரு வருஷத்தில் எத்தனை லட்சம் கேட்டிருப்பான். இப்படி ஒன்றுக்கு அவன் காது முத்திரை வைத்ததில்லை.

"சரியா இருக்கு" என்றான்.

திரைக்குப் பின்னால் வேதவல்லி அழ ஆரம்பித்தாள்.

நாதமுனி எழுதினார். நிறுத்தி நிதானமாக எழுதினார். தொழில்: சோதனை. கருவி: காது. எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நல்ல சத்தம்" என்றார். "இங்க ஒரு கையெழுத்து."

தணிகாசலம் கையெழுத்துப் போட்டான். நாதமுனி பையில் கைவிட்டு அவன் உள்ளங்கையில் கொஞ்சம் பொரியை வைத்தார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு தணிகாசலத்தைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கட்டில் மாமியார் கையிலிருந்து பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போய் வெந்நீர் பிடித்து வந்தான். அவர்களுக்கும் சேர்த்துப் பிடித்து வந்தான். துணி அலசிப் போட்டான். ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்குக் காகிதம் மடித்துச் செருகினான். கழிப்பறை எங்கே என்று கேட்ட கிழவருக்கு வழி சொன்னது மட்டுமில்லாமல், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தான். ஆறு மாத வேலை கையில் தேங்கிக் கிடந்தது.

நர்ஸம்மா குழந்தையைத் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தார். பெண் குழந்தை. நான்கு நாள் காக்க வைத்த கோபம் முகத்தில் தெரிந்தது.

"தொப்புள்ல கை படாம தூக்குங்க" என்றார் நர்ஸம்மா. "ஒரு வாரத்துல காஞ்சி வுழுந்துடும்."

தணிகாசலம் மனசுக்குள் கணக்குப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை வேதவல்லி கட்டிலிலிருந்து பார்த்தாள்.

"வுழுந்தா எடுத்து வெக்கிறேன்" என்றாள். "ஞாயித்துக்கெழமை காட்டறேன்."

"பேர் வெக்கறது?"

"அதுவும் ஞாயித்துக்கெழமையே வெச்சிக்கலாம்."

"குப்புற வுழறது? உக்கார்றது?"

"எல்லாம் சொல்லி வெக்கிறேன். இவளும் என்னை மாதிரிதான் இருப்பா. அடக்கி வெச்சிருப்பா."

அவன் குழந்தையின் காதைப் பார்த்தான். பூ மாதிரி மடிந்திருந்தது. சுண்டுவிரலால் மெதுவாக நிமிர்த்திவிட்டான். மறுபடியும் மடிந்துகொண்டது. மறுபடியும் நிமிர்த்திவிட்டான்.

வார்டு கடிகாரத்தில் மணி பதினொன்றேகால்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் நிறைய மிச்சமிருந்தது. தணிகாசலம் குழந்தையைக் கீழே வைக்கவில்லை.